இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்

அக்காவின் கார் மேட்டில் ஏறும் சத்தம் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். கீழே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அவள் கடை வாசலில் முதல் கியர். ரொட்டிக் கடையைத் தாண்டினதும் இரண்டாவது. தபால் பெட்டி வரும்போது மூன்றாவது. கியருக்கும் கியருக்கும் நடுவில் ஒரு சின்ன மூச்சு இருக்கும், பாடுகிறவர்கள் அடுத்த அடியைப் பிடிக்கும் முன் எடுக்கிற மூச்சு மாதிரி. எடுத்த கையோடு குரல் எழும்பிவிடும்.

மழை ஆரம்பித்த பிறகு அந்த மூச்சு நீண்டுபோனது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் எஞ்சின், சொல்ல வந்ததை மறந்துவிட்ட ஆள் போலத் திகைத்து நின்று, ஒரு தடவை குலுங்கி, அப்புறம்தான் இழுத்தது. ரொட்டிக் கடைக்காரர் வாசலில் மாவுக் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்காவுக்கு முடியல போல" என்றார். காருக்கு முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை. தெருவில் யாருமே அப்படிச் சொல்லவில்லை.

அக்கா கார் சீட் தைக்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. தடித்த ஊசி போட்ட மெஷின் ஒரு பக்கம், ரெக்ஸின் சுருள்கள் ஒரு பக்கம், தோலை உரித்த சீட்டுகள் எலும்பும் ஸ்பிரிங்குமாகச் சுவரில் தொங்கும். பசை வாசனை வாசல் வரை வந்து நிற்கும். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவளைத் தேடி வருவார்கள். அவள் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டி முறுக்கினால், மிச்சக் கம்பியின் வாலை வெட்ட மாட்டாள். வெட்டிய நுனி என்றைக்காவது ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் என்பாள். வாலை நீளமாக விட்டு, குறடால் வளைத்து, கீழே பார்த்து மடக்கிவிடுவாள்.

"என் சீட்ல உட்கார்ந்த எவனும் ஐயோன்னு துள்ளி எழுந்தது கிடையாது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அது அவளுடைய விளம்பரப் பலகை. இன்னொரு விளம்பரப் பலகை அந்தக் கார்.

கரும்பச்சை நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். யாரோ ஒருவர் தோட்டத்தில் அது கிடந்தபோது டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். கோழியை எழுப்பிவிட்டு அக்கா காரை வாங்கி வந்தாள். அவள் புருஷன் ஆயுள் முழுக்க லாரி ஓட்டினவர். அந்தக் காரில் உட்கார்ந்தால் அவருடைய முழங்கால் தாடையில் இடிக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் செருப்பு. "எங்க உங்க வீட்ல?" என்று யாராவது கேட்டால், "செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிட்டா" என்பார்.

போன கோடையில் ஒரு மத்தியானம் அக்கா மெஷினிலிருந்து சரிந்து விழுந்தாள். இடது கையும் காலும் மரத்துப்போய், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அன்றைக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த மகன்தான் அவளை ரெக்ஸின் துண்டுகளுக்கு நடுவிலிருந்து அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினான். நல்லவேளை, சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தாள். வாய் நேரானது, கை வந்தது, கால் வந்தது. ஓட்டலாம், தைக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் படுத்து ஓய்வெடுப்பாள் என்று பார்த்தால், முதல் வேலையாக உட்கார்ந்து காரின் டிரைவர் சீட்டைப் பிரித்தாள்.

"இடுப்புக்குத் தோதா இல்லைங்க. கொஞ்சம் உயர்த்தித் தைக்கிறேன்" என்றாள்.

"ஆஸ்பத்திரில உன்னைப் பிரிச்சாங்க, நீ வந்து அதைப் பிரிக்கிறே" என்றார் லாரிக்காரர்.

கார் திணற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதனால்தான் எல்லாருக்கும் அவள் கால் மீது சந்தேகம்.

---

ஏணி மெக்கானிக்கின் கொட்டகை பாலத்துக்கு இந்தப் பக்கம். ஆள் அவ்வளவு உயரம், அதனால் அந்தப் பெயர். தகரக் கூரையில் மழை விழுந்தால் அங்கே பேசுகிறவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்கு அக்காவும் மகனும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏணி கந்தல் துணியால் கையைத் துடைத்துத் துடைத்து, துணியின் கறுப்பைக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பிளக் மாத்திட்டேன். பெட்ரோல் ஃபில்டர் மாத்திட்டேன். பம்ப் நல்லா அடிக்குது. காத்து உள்ள போற குழாய்ல ஓட்டை இல்ல. கிளட்ச் கேபிள் புதுசு. சீட்டைக் கழட்டி வெளியில வெச்சு, அடியில இருக்கிற பெட்டியையும் திறந்து பாத்துட்டேன்."

"எந்தப் பெட்டி?" என்றான் மகன்.

"எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்பப்போன்னு கணக்குப் போட்டு அனுப்புற பெட்டி. இந்த மாடல்ல டிரைவர் சீட்டுக்கு அடியில வெச்சிருக்கான். அதுவும் சுத்தமா இருக்கு. புது வண்டி மாதிரி இருக்குக்கா."

"புது வண்டி மாதிரி இருந்தா ஏன்டா திணறுது?"

"எனக்குத் திணறலையே."

"உனக்குத் திணறலன்னா என்ன அர்த்தம்?"

"நான் பாலம் தாண்டிப் போய்ட்டு வந்தேன்க்கா. ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகுது. தம்பியும் ஓட்டிப் பாக்கட்டும்."

மகன் ஏறினான். சீட்டைச் சரக்கென்று பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு மழைக்குள் போனான். திரும்பி வந்து இறங்கினவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. கார் நன்றாக இருப்பது அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லம்மா" என்றான்.

"நகரு."

அக்கா ஏறினாள். சீட்டை இழுத்து முன்னால் கொண்டுவந்து, ஏணியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் மூன்றாக மடிந்து உட்கார்ந்தான். பாலத்து ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டபோது எஞ்சின் திகைத்து நின்றது. குலுங்கியது. அப்புறம் எடுத்தது. திரும்பி வரும்போதும் அப்படியே. கொட்டகையில் இறங்கின ஏணி, மகனைப் பார்த்தான், தகரத்தைப் பார்த்தான், அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"சொல்லேன்டா. வாய்ல என்ன, கிரீஸா?"

"இல்லக்கா... கிளட்ச்ல இருந்து காலை எடுக்கறப்போ, கொஞ்சம் முன்ன பின்ன ஆகுதோ என்னமோ..."

"என் காலா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொன்னே? கார்ல கால் எனக்கு மட்டும்தான இருந்துச்சு, உன் காலைத்தான் மடிச்சு மடியில வெச்சிருந்தியே!"

மகன் கையைப் பிடித்தான். "அம்மா, விடு. வீட்டுக்குப் போகலாம். நான் ஓட்டறேன்."

"நான்தான் ஓட்டுவேன். நீ வேணா நடந்து வா" என்றாள்.

அவன் நடந்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கியருக்கும் தன் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டு வந்தான்.

---

சாப்பாட்டு மேஜையில் முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் இருந்தன. மழை ஜன்னலை அடித்தது. லாரிக்காரர் உருளைக்கிழங்கில் மும்முரமாக இருந்தார். வீட்டில் சண்டை வரும் என்று தெரிந்தால் அவர் முதலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வர்றார்மா, பாக்க" என்றான் மகன்.

"யாரைப் பாக்க?"

"காரை."

"ஓ. அதுக்கு வரன் பாத்திருக்கியா? ஒரு வார்த்தை சொல்லலையே. நானும் நல்லதா ஒரு கவர் தைச்சுப் போட்டிருப்பேனே."

"கிண்டல் பண்ணாதம்மா. நல்ல ஆள். பழைய கார் மேல ஆசை உள்ளவர். நல்லா வெச்சுப்பார்."

"நான் கெட்டதாவா வெச்சிருக்கேன்?"

மருமகள் தண்ணீர்க் குவளையை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள். அது குடிக்க அல்ல, நிறுத்த. அவனுக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு உன்னைத் தரையில இருந்து தூக்கினது நான். நீ இல்ல, அப்பா இல்ல. கண்ணு திறந்திருக்கு, ஆனா என்னைப் பாக்கல. இனிமே மேட்டுல, லாரிக்கு நடுவுல, கால் ஒரு செகண்டு மரத்துச்சுன்னா?"

"மரக்கல."

"ஏணியே சொல்றான்."

"ஏணிக்குத் தெரியலைன்னா என் கால் மேல போடுவானா? அவன் கண்டுபிடிக்காத வியாதிக்கெல்லாம் என் காலா பேரு?" அக்கா ரொட்டியைப் பிய்த்தாள். "எனக்குத் தெரியும்டா இது எங்க போகும்னு. இன்னைக்குக் கார். நாளைக்கு மெஷின் மிதிக்காதேம்பே. அதுக்கடுத்த நாள், கடை சும்மாதானே இருக்கு, வாடகைக்கு விடலாமான்னு கேப்பே. அப்புறம் எனக்கு ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கும் நான்தான் சீட் தைக்கணும்."

"யாரும் அப்படிச் சொல்லல."

"கால் சரியில்லன்னு நான் ஒரு தடவை தலையாட்டினா போதும், மீதியை நீங்க சொல்லவே வேண்டாம், தானா நடக்கும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமைதானே? அதுக்குள்ள கோளாறு கார்லதான்னு உனக்குக் காட்டறேன். காட்டலைன்னா சாவியை நானே அந்த ஆள் கையில கொடுக்கறேன். கடைச் சாவியையும் உங்கிட்ட கொடுத்துடறேன். போதுமா?"

"கடைச் சாவியை நான் கேக்கலையே" என்றான் மகன்.

"நான் தர்றேங்கறேன்."

லாரிக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "கார்ல கோளாறுன்னா?"

"கார் இருக்கும். நானும் இருப்பேன். யாரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

"அப்ப எனக்கு இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வை. எப்படியும் யாரோ ஒருத்தர் அழப்போறீங்க, நான் தெம்பா இருக்கணும்" என்றார்.

---

மருமகளுக்கு வேலை போனில். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்கிறவள். நாள் முழுக்கக் காதில் திட்டு வாங்கி வாங்கி, வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டாள். அக்காவுக்கு அவளைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. 'உப்பு போட மறந்த சூப்' என்று ஒரு தடவை பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. மகன் வேலைக்குப் போயிருந்தான். மழை தூறலாக இறங்கியிருந்தது. அக்கா காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். மருமகள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணு கேக்கலாமா அத்தை? ஆபீஸ்ல நாங்க கேக்கற மாதிரி."

"கேளேன். திட்டினா உனக்குப் பழக்கம்தானே."

மருமகள் சிரித்தாள். "யார் யாருக்கு இப்படி ஆகுது? யார் யாருக்கு ஆகல?"

"எனக்கு ஆகுது. ஏணிக்கு ஆகல, உன் புருஷனுக்கு ஆகல. அதான் ஊரே பேசுதே."

"ஊர் மூணு பேரைத்தான் பாத்திருக்கு. போன மாசம் ஒரு அம்மா போன் பண்ணாங்க. அவங்க வீட்டுக்காரர் துணி துவைக்கப் போட்டா மட்டும் மெஷின் பாதியில நின்னுடுதாம். அவருக்கு மெஷின் ராசியில்லைன்னு முடிவே பண்ணிட்டாங்க. கடைசியில பாத்தா, அவர் போட்டுட்டுப் பக்கத்துச் சுவர்ல சாஞ்சு நிப்பாராம். முதுகு பட்டுப் பிளக் தளர்ந்துடும்."

அக்கா டீயை உறிஞ்சாமல் அவளையே பார்த்தாள். பிறகு சாவியை நீட்டினாள்.

"ஏறு."

"நானா? இதையா?"

"ஆபீஸ் கார் ஓட்டறே இல்ல? கிளட்ச் இருக்குல்ல அதுல? ஏறு. நாலாவது ஆளா இரு."

இரண்டு பேரும் ஒரே உயரம், ஏணிக்கு இடுப்பளவு. மருமகள் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தொடவே இல்லை, கால் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. "கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு அத்தை" என்றாள். "பழைய வண்டி, அப்படித்தான். முதுகை முட்டுக் கொடுத்து மிதி." ரொட்டிக் கடை தாண்டி இரண்டாவது. தபால் பெட்டி வந்தது. மருமகள் கிளட்சை மிதித்து மூன்றாவதுக்குப் போட்டாள்.

எஞ்சின் திகைத்து நின்றது. குலுங்கியது. அப்புறம் எடுத்தது.

"ஐயையோ!" என்று மருமகள் கத்தினாள்.

அக்கா டேஷ்போர்டை இரண்டு கையாலும் அறைந்தாள். "உனக்குமா! உனக்கும் ஆயிடுச்சா! அடி என் தங்கமே! உனக்கும் கால் போயிடுச்சா?"

"எனக்கு இன்னும் முப்பதே ஆகல அத்தை!"

"திரும்பு, திரும்பு. இன்னொரு தடவை."

மூன்று தடவை மேட்டில் ஏறி இறங்கினார்கள். மூன்று தடவையும் திணறியது. ரொட்டிக் கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். இரண்டு பெண்கள் ஒரு கெட்டுப்போன காரில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்துக்கொண்டு போவதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

கடை வாசலில் நிறுத்தியபின் மருமகள் கேட்டாள். "எப்ப ஆரம்பிச்சது அத்தை?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு. அதான சிக்கலே."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கார்ல எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. எஞ்சின் பக்கமே போகலையே. சீட்டை மட்டும்தான்..."

அக்கா நிறுத்தினாள். மருமகளும் ஒன்றும் பேசவில்லை. போனில் மறுமுனைக்காரர் யோசிக்கும்போது பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏணி கார்ல ஏறினதும் முதல்ல என்ன பண்ணுவான்?" என்றாள் அக்கா, தனக்குத்தானே கேட்பது போல.

"எனக்குத் தெரியாதே அத்தை."

"எனக்குத் தெரியும். சீட்டைப் பின்னால தள்ளுவான். உன் புருஷனும் அதேதான் பண்ணான். ஆம்பளைங்க எவனும் என் சீட்டை நான் வெச்ச இடத்துல வெச்சு ஓட்டினதே இல்ல." அவள் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "ஏங்க! குடையை எடுத்துட்டு வாங்க!"

லாரிக்காரர் குடையோடு வந்தார். மருமகள் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்து, எட்டிக் கையாலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்தி எஞ்சினை ஒரே சீராக ஓட விட்டாள். அக்கா திறந்த கதவுக்கு வெளியே ஈரத் தரையில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, டிரைவர் சீட்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, தன் முழுக் கனத்தையும் போட்டு அமுக்கினாள்.

எஞ்சின் திணறியது. கையை எடுத்தாள். எஞ்சின் எடுத்தது. அமுக்கினாள். திணறியது.

"இப்பப் பின்னால தள்ளுறேன் பாரு." சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளி, மறுபடி அமுக்கினாள். எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடியது. குதித்து உட்கார்ந்தாள். அப்போதும் ஓடியது.

"என்னடி இது, மந்திரமா?" என்றார் லாரிக்காரர். குடை அவர் தலைக்கு மேலே இருந்தது, அவள் முழுக்க நனைந்துகொண்டிருந்தாள்.

"குடையை எனக்குப் பிடிங்க. ஸ்பானரை எடுங்க. இதைக் கழட்டணும்."

சீட்டை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மெஷினுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார்கள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். இடது மூலையில், அவளே புதிதாகப் போட்ட ஸ்பிரிங்கில், அவளே முறுக்கின கம்பியின் வால், அவளே வளைத்த வளைவு பிரிந்து, கீழே நீட்டிக்கொண்டிருந்தது. நுனி பளபளவென்று தேய்ந்திருந்தது. மற்ற கார்களில் சீட்டுக்கு அடியில் வெறும் தரைதான். இதில் பெட்டி, பெட்டியிலிருந்து போகிற ஒயர் கட்டு. காரில் போய்ப் பார்த்தாள். ஒயர் கட்டின் கறுப்பு டேப்பில் எறும்பு கடித்த அளவுக்கு ஒரு துளை, அதற்குள் ஒரு பொட்டுச் செம்பு மின்னியது. சீட் முன்னால் இருந்தால் வாலுக்கு நேர் கீழே அந்தத் துளை. தபால் பெட்டிப் பக்கம் போலச் செங்குத்தான ஏற்றத்தில், உடம்பு பின்னால் சாய்ந்திருக்க, கல்லு மாதிரி கிளட்சை மிதிக்க முதுகை முட்டுக் கொடுத்தால் சீட் அமுங்கும், வால் செம்பைத் தொடும், பெட்டிக்குக் கணக்கு மறந்துபோகும். காலை எடுத்தால் வாலும் எடுக்கும். ஏணி சீட்டை வெளியே வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தான். குத்துகிற வால் சீட்டோடு வெளியே போய்விட்டது, துளை இவ்வளவு சின்னது. அவனுக்கு எப்படித் தெரியும்?

அக்கா முன்னறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுவரில் தொங்கின சீட்டுகளின் வால்கள் எல்லாம் ஒழுங்காகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தை," என்றாள் மருமகள் மெதுவாக. "அவர்கிட்ட ஒயர் பழசாகி உரிஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். யாருக்கும் தெரியவேண்டாம்."

"ஏன்?"

"இல்ல, நீங்களே தைச்சதுன்னு தெரிஞ்சா..."

"தெரியட்டுமே!" அக்கா நிமிர்ந்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. "தப்பு என் கையில. என் கால்ல இல்ல. இதைத்தான நான் அன்னைல இருந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்! கை பண்ணின தப்பை நான் கையால சரி பண்ணிக்குவேன். பண்ணாத தப்புக்குக் காலை வெட்டித் தர மாட்டேன்."

லாரிக்காரர் மருமகளைப் பார்த்தார். "உப்பு போட்ட சூப்" என்றார். மருமகளுக்கு விளங்கவில்லை. அக்கா அவரை முறைத்தாள்.

சாயங்காலம் ஏணி வந்து ஒயரைச் சரி பண்ணினான். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். அக்கா வாலை வெட்டி, நுனியை அரத்தால் ராவி, தோல் துண்டு வைத்துத் தைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாலை வெட்டினாள். சீட்டைத் திரும்பப் பொருத்தும்போது ஏணியிடம் இரண்டு போல்ட்டைக் கொடுத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"சீட் ஓடுற தண்டவாளத்துல ஓட்டை போட்டு ரெண்டு பக்கமும் இறுக்கு. என் இடத்துல நிக்கட்டும். எங்க கோளாறு இருந்துச்சோ அங்கயே நிக்கட்டும்."

"அப்புறம் நான் எப்படிக்கா ஓட்டிப் பாக்கறது? என் கால் உள்ளயே போகாதே."

"அதுக்குத்தான்டா."

---

மகனுக்கு எல்லாவற்றையும் காட்டினார்கள். கம்பியை, டேப்பை, தேய்ந்த நுனியை. அவன் நுனியை விரலில் குத்திப் பார்த்துக்கொண்டான்.

"சரி, ஒத்துக்கறேன். கார்லதான். ஆனா அம்மா, இன்னைக்குச் சீட்டு. நாளைக்கு நிஜமாவே கால்னா? வர்றவர் சும்மா பாத்துட்டாவது போகட்டுமே. வர வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"வரட்டும். ஏன் சொல்றே? நல்லா பாக்கட்டும்" என்றாள் அக்கா. அந்தக் குரலில் இருந்த இனிப்பைக் கேட்டு லாரிக்காரர் நாற்காலியை வாசலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. வந்தவர் வாட்டசாட்டமான ஆள், நல்ல ஷூ. காரை இரண்டு தடவை சுற்றி வந்து, பச்சையைத் தடவிப் பார்த்து, "அருமை" என்றார். மனசாரத்தான் சொன்னார். "உட்கார்ந்து பாக்கலாமா?"

"தாராளமா" என்றாள் அக்கா.

ஒரு காலை உள்ளே விட்டார். இன்னொரு காலுக்கு இடமில்லை. வயிற்றில் ஸ்டியரிங் முட்டியது. கை தானாகச் சீட்டுக்குக் கீழே போய் நெம்புகோலைத் தேடி இழுத்தது. சீட் நகரவில்லை. முதுகால் தள்ளினார். காரே ஆடியது, சீட் ஆடவில்லை.

"மாட்டிக்கிச்சு போலிருக்கு" என்றார்.

"மாட்டல. நான் மாட்டிட்டேன்" என்றாள் அக்கா. "அது என் அளவுக்குத் தைச்ச சீட்டுங்க. வேற யார் அளவுக்கும் வராது."

அவர் மகனைப் பார்த்தார். மகன் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தான். இரண்டு போல்ட்டும் புதுசாகப் பளபளத்தன. லாரிக்காரர் வாசல் நாற்காலியில் இருமுவது போல் சிரித்தார். வந்தவரை வெளியே இழுக்க மகன் கை கொடுக்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷன், கோபப்படவில்லை. போகும்போது, தன் வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது, அதன் சீட்டை வந்து பார்க்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

"எப்படி வருவேன்னு கேக்கலையே அவர்" என்றாள் அக்கா மகனிடம். "ஏறு."

"எதுக்கும்மா?"

"காதால கேட்டே, கண்ணால பாத்தே. இப்ப உட்கார்ந்து பாரு."

ஏறினான். கடை வாசலில் முதல் கியர். அவன் வலது கால் பழக்கதோஷத்தில் தரையை அமுக்கியது. ரொட்டிக் கடை வந்தது. அக்கா கிளட்சை மிதித்து இரண்டாவதுக்குப் போட்டாள். கார் ஒரு சொல்லும் பேசாமல் இழுத்தது.

"நல்லா இருக்கும்மா," என்றான் மகன். அதோடு விட்டிருக்கலாம். "கொஞ்சம் சீக்கிரம் போட்டுட்டே, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் விட்டு..."

அக்கா காரை ஓரம் கட்டினாள். மேட்டின் நட்ட நடுவில்.

"இறங்கு."

"அம்மா..."

"உள்ள உட்கார்ந்தா உனக்கு என் கால்தான் தெரியுது. வெளியில நின்னு காரைக் கேளு. இறங்குடா."

அவன் இறங்கினான். கதவைச் சாத்தினான். அந்தச் செங்குத்தில் நிறுத்தின வண்டியை எடுப்பது லேசு இல்லை. கிளட்சைக் கொஞ்சம் முன்னே விட்டால் அணைந்துவிடும், கொஞ்சம் தாமதித்தால் பின்னால் உருளும். எங்கள் தெருவில் நல்ல டிரைவர்களே கீழே போய்த் திரும்பி வருவார்கள். மகன் தன்னை அறியாமல் காரின் பின்பக்கம் போய், பிடித்துவிடுகிறவன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

கார் ஒரு விரற்கடைகூட அவன் பக்கம் வரவில்லை. சக்கரத்துக்குக் கீழே இருந்த ஈரச் சரளையை அவன் பேண்டில் தெறித்துவிட்டு மேலே கிளம்பியது.

ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்தார். "என்ன தம்பி, நின்னுடுச்சா வண்டி?"

"நிக்கல" என்றான். "என்னை இறக்கி விட்டுட்டுப் போகுது."

இரண்டு பேரும் மேலே பார்த்தபடி நின்றார்கள். நீட்டின கையை அவன் இன்னும் இறக்கவில்லை. இரண்டாவது கியர் உறுமிக்கொண்டு ஏறியது. பச்சை முதுகு தபால் பெட்டியை நெருங்கியது. ஒரு சின்ன மூச்சு. அவ்வளவுதான், பாடுகிறவர்கள் எடுக்கிற மூச்சு. உடனே மூன்றாவது எழும்பி, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

நாலாவதையும் போட்டது கேட்டது. அதுவரை எங்கள் தெருவுக்கு நாலாவதின் சத்தம் தெரியாது. அக்கா எப்போதும் மேட்டின் உச்சியில் வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

அவன் கையை இறக்கிப் பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டான். அவள் திரும்பி வருவாள், ஏற்றிக்கொள்வாள் என்று தபால் பெட்டி வரைக்கும் நடந்துபோய்க் காத்திருந்தான். அவள் வந்தாள். ஹாரன் அடித்தாள். கையை ஆட்டிவிட்டு, அவனைத் தாண்டிக் கீழே போய்விட்டாள்.